சார்கோமாவின் வகை பிடிபடாதபோது அடுத்து எந்தப் பரிசோதனை?

தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்தான் சார்கோமா. பயாப்ஸி (கட்டியிலிருந்து எடுத்த திசுவின் சோதனை) ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "மென்திசு சார்கோமா, வகை உறுதியாகவில்லை, மூலக்கூறு பரிசோதனை செய்து பார்க்கவும்" என்று எழுதியிருக்கும். எந்தப் பரிசோதனை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. குறிப்பிட்ட புரதத்தை நிறத்தால் காட்டும் ஆன்டிபாடி சாயத்தில் இன்னும் நாலு போட்டுப் பார்ப்பதா, மரபணுவில் நிறப் புள்ளி ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் செய்வதா, மரபணு இணைவுகளைத் தேடும் ஆர்என்ஏ ஃப்யூஷன் பேனலா, முழு ஆர்என்ஏவையும் படித்து மரபணு வெளிப்பாட்டை வைத்து வகை பிரிப்பதா, டிஎன்ஏவின் மேல் ஒட்டிய குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷனா? எல்லாவற்றையும் செய்ய யாரிடமும் பணம் இல்லை. பணம் இருந்தாலும் அவ்வளவுக்கும் திசு இருக்காது.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் ஒரு சதவீதம்தான். அந்த ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் வகைகளோ ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாட்டில், மென்திசுவிலும் எலும்பிலும் வரும் கட்டிகள், தீங்கற்றவற்றையும் சேர்த்தால், நூறைத் தாண்டும். ஒரு பொது மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர்) சில வகைகளைத் தன் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறைதான் பார்ப்பார். அதனால் தவறு நேர்வது திறமைக் குறைவால் என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் நடந்த ஜென்சார்க் ஆய்வு 2016-ல் வெளியானது. சார்கோமாவில் கைதேர்ந்த பேத்தாலஜிஸ்டுகள் பார்த்த 384 நோயாளிகளில், மூலக்கூறு பரிசோதனைக்குப் பிறகு 53 பேரின் நோய்ப்பெயர் மாறியது. நிபுணர்கள் பார்த்தே ஏழில் ஒன்று.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வு அருமையான கருவி. ஆனால் அதை வரிசையில் முதலில் நிறுத்தினால் காசும் திசுவும் வீண். மற்ற வழிகள் எங்கே முட்டி நிற்கின்றன என்று தெரிந்த பிறகு கையில் எடுத்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஏற்கெனவே நம் கையில் இருப்பது

உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் அடிப்படையில் ஒரே டிஎன்ஏதான். எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதுதான் தசையையும் கொழுப்பையும் பிரிக்கிறது. விழித்திருக்கும் மரபணு ஆர்என்ஏ நகல்களை உண்டாக்கும். கட்டியிலிருந்து அந்த நகல்களை எண்ணினால், சுமார் 20,000 மரபணுக்களுக்கும் ஒவ்வொரு எண் கிடைக்கும். வகை தெரிந்த கட்டிகளின் எண்களோடு அதை ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று பார்ப்பதுதான் மரபணு வெளிப்பாட்டு வகைப்பாடு.

2002-ல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று 41 மென்திசுக் கட்டிகளை மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே சிப்பில் அளக்கும் முறை) இப்படிப் பார்த்து லான்செட் இதழில் வெளியிட்டது. சைனோவியல் சார்கோமா தனியாக ஒதுங்கியது. குடல்சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டியும் தனியாகப் பிரிந்தது. அன்று மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்று அழைக்கப்பட்டவை மட்டும் தனிக் கூட்டமாகச் சேராமல் கொழுப்பு வகை லைப்போசார்கோமாக்களோடும் சில மென்தசை வகை லயோமயோசார்கோமாக்களோடும் கலந்து கிடந்தன. பிற்பாடு அந்தப் பெயரே வழக்கிலிருந்து போய்விட்டது.

அந்த ஆய்வுகளின் உண்மையான வரவு வேறொரு இடத்தில் வந்து சேர்ந்தது. ஜிஸ்ட் கட்டியில் மட்டும் அளவுக்கு மீறி விழித்திருந்த ஒரு மரபணுவைப் பிடித்து, அதன் புரதத்துக்கு ஆன்டிபாடி செய்தார்கள். 2004-ல் வந்த டாக்1 சாயம் அதுதான். ஜிஸ்ட்டுக்கு வழக்கமாகப் போடும் கிட் சாயம் பிடிக்காத சுமார் ஐந்து சதவீத ஜிஸ்ட் கட்டிகளில் இது பெரிய உதவி. ஜிஸ்ட் என்று பெயர் வந்தால்தான் இமாட்டினிப் மாத்திரைக்கு வழி திறக்கும். சைனோவியல் சார்கோமாவுக்கான டிஎல்இ1 சாயம் 2007-ல் வந்ததும் இதே வழியில்தான். அப்புறம் மக்4. லோ கிரேடு ஃபைப்ரோமிக்ஸாய்டு சார்கோமா என்று ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் சாதுவாக இருக்கும், தீங்கற்ற கட்டி என்று எழுதி அனுப்பிவிடத் தோன்றும். ஆனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டும். வெளிப்பாட்டுத் தரவில் அந்தக் கட்டியில் மக்4 மரபணு தனித்து உயர்ந்து நின்றதைக் கவனித்து, 2011-ல் அதைச் சாயமாக்கினார்கள். இன்று ஒரே ஒரு ஸ்லைடு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது.

ஆக, மரபணு வெளிப்பாட்டின் பலனில் ஒரு பெரிய பங்கு ஆன்டிபாடி வடிவில் சாதாரண லேபுக்கே வந்துவிட்டது. மலிவு, ஓரிரு நாளில் முடிவு, பழைய பிளாக்கிலும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) வேலை செய்யும். தனி நார்க்கட்டிக்கு ஸ்டாட்6, எபிதீலாய்டு சார்கோமாவில் ஐஎன்ஐ1 இழப்பு, பிரிநிலை இழந்த லைப்போசார்கோமாவுக்கு எம்டிஎம்2 என்று இந்தப் பட்டியல் நீளம். இவற்றைப் போடாமலே "முழு ஆர்என்ஏ செய்துவிடலாம்" என்று தாவுவது எனக்கு ஒப்பவில்லை. ஸ்லைடுகளையும் பிளாக்கையும் சார்கோமா அதிகம் பார்க்கும் மையத்தில் ஒருவரிடம் காட்டிவிட்டு வருவது, எந்தச் சீக்வென்சிங்குக்கும் (மரபணு எழுத்துகளைப் படிப்பது) முன்னால் நிற்க வேண்டிய பரிசோதனை. ஆன்டிபாடிகளும் எப்போதும் சொன்ன சொல் காப்பவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டிஎல்இ1 வேறு சில கட்டிகளிலும் பிடிக்கும். அதனாலேயே சைனோவியல் சார்கோமாவின் எஸ்எஸ்18-எஸ்எஸ்எக்ஸ் இணைவுப் புரதத்தையே குறிவைக்கும் ஆன்டிபாடி 2020-ல் வந்தபோது பேத்தாலஜிஸ்டுகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஃபிஷ்ஷா, ஃப்யூஷன் பேனலா

சார்கோமாக்களில் ஒரு பகுதிக்கு ஆதாரமே இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதுதான். ஃபிஷ்ஷில் ஒரு மரபணுவின் இரு ஓரங்களிலும் இரண்டு நிறப் புள்ளிகளை ஒட்டிவிட்டு, அவை பிரிந்து நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிரிந்தால் உடைந்திருக்கிறது. எதோடு ஒட்டியது என்பதை அது சொல்லாது.

இந்தக் குறை இடபிள்யூஎஸ்ஆர்1 மரபணுவில்தான் பல்லைக் காட்டும். பெரும்பாலும் இளையோருக்கு வரும் யூவிங் சார்கோமாவிலும் இது உடையும்; கிளியர் செல் சார்கோமாவிலும், வயிற்றுக்குள் வரும் டெஸ்மோபிளாஸ்டிக் சிறுவட்ட செல் கட்டியிலும், எலும்புக்கு வெளியே வரும் மிக்ஸாய்டு காண்ட்ரோசார்கோமாவிலும் உடையும். ஆஞ்சியோமட்டாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா என்ற, பெரும்பாலும் அறுவையோடு முடிந்துபோகும் கட்டியிலும் உடையும். ஃபிஷ் பாசிட்டிவ் என்ற ஒரே வரியை வைத்துக் கீமோ தொடங்க முடியாது. மற்றபடி, ஒரே கேள்வி, ஒரே பதில் என்று இருக்கும் இடத்தில் ஃபிஷ்ஷை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கொழுப்புக் கட்டியில் எம்டிஎம்2 பெருகியிருக்கிறதா என்பது அப்படிப்பட்ட கேள்வி.

ஆர்என்ஏ ஃப்யூஷன் பேனல் ஒரே ஓட்டத்தில் பல பத்து மரபணுக்களைப் பார்த்து, எது எதோடு ஒட்டியது என்று பெயரோடு சொல்லும். இப்போது அதிகம் புழங்கும் முறையில், இணையும் இரண்டில் ஒன்று பேனலில் இருந்தால் போதும். எதிர்பாராத ஜோடியும் சிக்கும். என்டிஆர்கே மரபணு இணைவு சிக்கினால் லாரோட்ரெக்டினிப் போன்ற மருந்துக்கு வழி பிறக்கும். அமெரிக்காவில் 2018-ல் அந்த மருந்துக்குக் கிடைத்த அனுமதியே கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் செல்லும் வகையில் தரப்பட்டது. ஃபிஷ்ஷை மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பிச் செய்வதை விட ஒரு பேனல் பல நேரம் செலவிலும் குறைவு, திசுவிலும் குறைவு. இரண்டாவது ஃபிஷ் எழுதக் கை போகும்போதே பேனலுக்கு மாறிவிடுவது நல்லது.

முழு ஆர்என்ஏ எங்கே ஜெயிக்கிறது

25 வயது இளைஞர், தொடையில் வேகமாக வளரும் கட்டி என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடில் சிறிய வட்ட உயிரணுக்கள். யூவிங்கில் பரவலாகப் பிடிக்கும் சிடி99 சாயம் இங்கே அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும். பார்த்ததும் யூவிங் என்று சொல்லத் தோன்றும். இடபிள்யூஎஸ்ஆர்1 ஃபிஷ் நெகட்டிவ். ஃப்யூஷன் பேனலும் "எதுவும் இல்லை" என்கிறது. இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். "யூவிங் போன்ற சார்கோமா" என்று எழுதி யூவிங் கீமோவே கொடுக்கப்படுகிறது.

சிஐசி-டக்ஸ்4 இணைவு ஒளிந்திருக்கும் இடம் இதுதான். டக்ஸ்4 மரபணு 4-ஆம், 10-ஆம் குரோமோசோம்களின் முனையில், அச்சடித்தாற்போல் திரும்பத் திரும்ப வரும் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. சீக்வென்சரிலிருந்து வரும் துண்டு இந்த நகல்களில் எதைச் சேர்ந்தது என்று கணினி நிரலுக்குத் தெரியாமல், அதைக் கழித்துப்போட்டுவிடும். இணைவு இருந்தும் ரிப்போர்ட்டில் வராது. சிஐசி ஃபிஷ்ஷும் சில கட்டிகளில் கோட்டைவிடும்.

வெளிப்பாடு இங்கே பின்வாசல் வழியாக வருகிறது. இணைவைக் காட்டாவிட்டாலும் அதன் விளைவைக் காட்டும். சிஐசி என்பது சில மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் புரதம். டக்ஸ்4 ஒட்டிக்கொண்டதும் அது அவற்றையே முடுக்கிவிடத் தொடங்குகிறது. ஈடிவி4 போன்றவை எகிறுகின்றன. டபிள்யூடி1 அளவும் கூடியிருக்கும். 20,000 எண்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கட்டி யூவிங் கூட்டத்திலிருந்து விலகி, சிஐசி கூட்டத்தில் போய் உட்காரும். பாரிஸின் கியூரி நிறுவனக் குழு 2018-ல் வெளியிட்ட சிறுவட்ட செல் சார்கோமா ஆய்வு இதைத்தான் விரிவாகக் காட்டியது: சிஐசி, பிகார், இடபிள்யூஎஸ்ஆர்1-என்ஃபாட்சி2 என்று மாறிய மரபணுவின் பெயரால் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி. இவற்றில் கடைசியாகச் சொன்னது ஃபிஷ்ஷில் இடபிள்யூஎஸ்ஆர்1 உடைந்ததாகவே காட்டும், ஆனாலும் யூவிங் கிடையாது. 2020 வகைப்பாடு இவை மூன்றையும் யூவிங்கிலிருந்து பிரித்துத் தனித்தனி வகையாக வைத்துவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாம் கீமோதானே என்று கேட்கலாம். பிகார் கட்டிகள் யூவிங் கீமோவுக்கு ஓரளவு நன்றாகவே படிகின்றன. சிஐசி கட்டிகள் பெரும்பாலும் படிவதில்லை. நோயின் போக்கும் மோசம். அறுவையை எப்போது செய்வது, புதிய மருந்துச் சோதனையில் எப்போது சேர்ப்பது, குடும்பத்திடம் என்ன சொல்வது என்பது வரை எல்லாம் மாறும்.

குழந்தைகளின் ராப்டோமயோசார்கோமாவில் (தசை வகைச் சார்கோமா) இதே கருவி வேறு மாதிரி உதவியது. ஸ்லைடில் அல்வியோலார் என்ற மோசமான வகை போலத் தெரிந்தும் ஃபாக்ஸ்ஓ1 இணைவு இல்லாத கட்டிகள், வெளிப்பாட்டிலும் நோயின் போக்கிலும் எம்பிரியோனல் வகையைப் போலவே இருக்கின்றன என்று 2010-ல் காட்டினார்கள். அதன் பிறகு சிகிச்சைத் திட்டத்தில் ஸ்லைடின் தோற்றத்தை விட இணைவு இருக்கிறதா என்பதற்கே எடை கூடியது. இங்கே வேடிக்கை என்னவென்றால், பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது வெளிப்பாடு. ஒவ்வொரு குழந்தைக்கும் அன்றாடம் தேவைப்படுவது ஒரு இணைவுப் பரிசோதனை மட்டும்.

அது தோற்கும் இடங்கள்

ஆர்என்ஏ எப்படி எடுக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்த பிளாக்கிலிருந்து மெல்லிய சீவல்கள் வெட்டுவார்கள். பக்கத்தில் சாயமிட்ட ஸ்லைடில் பேத்தாலஜிஸ்ட் பேனாவால் கட்டியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார். அந்த வட்டத்துக்கு நேராக உள்ள திசுவை மட்டும் பிளேடால் சுரண்டிச் சின்னக் குழாயில் சேர்த்து, மெழுகைக் கரைத்து, புரதத்தைச் செரிக்க வைத்து, ஆர்என்ஏவைப் பிரிப்பார்கள். பிறகு அது எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று அளப்பார்கள்: 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று. முப்பதுக்குக் கீழே போனால் லேபில் முகம் சுளிப்பார்கள். திசு ஃபார்மலினில் விழத் தாமதமானாலோ, நாள் கணக்கில் அதிலேயே கிடந்தாலோ, பிளாக் பல வருஷம் பழையதானாலோ, எலும்போடு சேர்ந்த துண்டை அமிலத்தில் ஊறவைத்து இளக்கியிருந்தாலோ இந்த எண் விழும்.

வட்டம் தவறினால் இன்னொரு வில்லங்கம். தசைக்குள் ஊடுருவிய கட்டியோடு சாதாரணத் தசையும் சுரண்டப்பட்டால் டெஸ்மின், மயோசின் மரபணுக்கள் எண்ணிக்கையில் ஏறி, கட்டி தசைக் கூட்டத்தின் பக்கம் நகரும். வெள்ளணுக்கள் நிறைந்த கட்டி, தன் வகையை விட்டுவிட்டு, வெள்ளணு நிறைந்த மற்ற கட்டிகளோடு போய் நிற்கும். எந்த லேபில், எந்தக் கிட்டில், உறைந்த திசுவா மெழுகுத் திசுவா என்பதும் எண்களை மாற்றும். ஒரு லேபின் கட்டியை இன்னொரு லேபின் ஒப்பீட்டுத் தொகுப்பில் அப்படியே வைத்தால், நோயைப் பொறுத்துப் பிரியாமல் லேபைப் பொறுத்துப் பிரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், தொகுப்பில் இல்லாத வகையை எந்த நிரலும் அடையாளம் காணாது. உலகத்திலேயே சிலருக்கு மட்டும் வந்த கட்டிக்குத் தொகுப்பில் இரண்டு மாதிரி இருந்தால் அதிகம். நிரல் இருப்பவற்றில் பக்கத்தில் உள்ளதைக் காட்டும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே தனியாக நிற்கும் புள்ளியை, "இந்தக் கூட்டத்துக்கு 60 சதவீதம்" என்று எழுதியிருப்பதை நம்பி ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது. ஸ்லைடும் வயதும் கட்டி இருக்கும் இடமும் அந்தப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் அது நோய்ப்பெயர், அதுவரை துப்பு.

மெத்திலேஷன் என்ற போட்டியாளர்

டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளின் அமைப்பும் உயிரணுவின் வம்சத்தைச் சொல்லும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு முதலில் மூளைக் கட்டிகளுக்கும், பிறகு சார்கோமாவுக்கும் இதைக் கொண்டு வகைப்பாடு செய்தது. 2021-ல் வந்த சார்கோமா தொகுப்பில் 1,077 மாதிரிகள், 62 வகுப்புகள். புதிதாகக் கொடுத்த 428 கட்டிகளில் 322-ஐ அது நம்பிக்கையோடு ஒரு வகுப்பில் சேர்த்தது. முக்கால்வாசி.

வெளிப்பாட்டோடு ஒப்பிட்டால் இதற்கு இரண்டு பெரிய பலம். டிஎன்ஏ ஆர்என்ஏவை விட உறுதியானது, பழைய மெழுகு பிளாக்கிலும் தாக்குப்பிடிக்கும். அதே சிப்பிலிருந்து குரோமோசோம்களின் ஏற்ற இறக்கமும் கிடைக்கும். எம்டிஎம்2 பெருக்கமோ சிடிகேஎன்2ஏ இழப்போ வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். எந்த மரபணு எதோடு ஒட்டியது என்பதை மட்டும் இது சொல்லாது. மருந்து அந்த இணைவைப் பொறுத்தது என்றால் ஆர்என்ஏவுக்கே திரும்ப வேண்டும். கட்டி உயிரணுக்கள் குறைவாக இருந்தால் இதுவும் தடுமாறும். பிளாக் பழையதாகி ஆர்என்ஏ நொறுங்கியிருந்தால் யோசிக்காமல் மெத்திலேஷன். நல்ல புதுத் திசு இருந்து, இணைவு இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தால் ஆர்என்ஏ. நான் இப்படித்தான் பிரிப்பேன்.

இரண்டுக்குமே பிடி கொடுக்காத ஒரு கூட்டம் உண்டு: இணைவு எதுவும் இல்லாமல், குரோமோசோம்கள் கந்தரகோலமாகக் கிடக்கும் முதியவர்களின் சார்கோமாக்கள். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 2017-ல் 206 சார்கோமாக்களை எல்லாக் கோணத்திலும் அலசியபோது, வகையறியாப் பிளியோமார்பிக் சார்கோமாவையும் மிக்ஸோஃபைப்ரோசார்கோமாவையும் மூலக்கூறு அளவில் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை; ஒரே நிறமாலையின் இரு பக்கங்கள் போலத் தெரிந்தன. எழுபது வயதுக்காரரின் தொடையில் இப்படி ஒரு கட்டி இருந்தால், பெயரைத் தேடி முழு ஆர்என்ஏ செய்வதில் பெரிய லாபம் இல்லை. லைப்போசார்கோமா ஒளிந்திருக்கிறதா என்று எம்டிஎம்2 பார்த்தாலே முக்கியமான கேள்வி முடிந்தது.

அவருக்கு வெளிப்பாடு வேறொரு கேள்விக்கு உதவலாம்: பரவுமா, பரவாதா? பிரான்ஸின் போர்தோ குழு 2010-ல் வெளியிட்ட சின்சார்க் என்ற 67 மரபணுக் கையெழுத்து அதற்குத்தான். உயிரணுப் பிரிவையும் குரோமோசோம் கட்டுக்கோப்பையும் சார்ந்த மரபணுக்களின் அளவை வைத்து, பரவும் ஆபத்து அதிகமா குறைவா என்று சொல்கிறது. ஸ்லைடைப் பார்த்துத் தீவிரத்தை மதிப்பிடும் வழக்கமான மூன்று படி கிரேடை விட நன்றாகவே கணிக்கிறது. மெழுகுத் திசுவில் செய்யும் வடிவமும் வந்துவிட்டது. ஆனால் சின்சார்க் சொன்னபடி கீமோ கொடுத்தால் ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. சோதனைகள் அதற்குப் பதில் சொல்லும் வரை, கீமோ கொடுப்பதையோ நிறுத்துவதையோ இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய மாட்டேன்.

திசு தீர்வதற்குள்

ஊசி பயாப்ஸியில் கிடைப்பது நூல் போல நாலைந்து துண்டுகள். ஒவ்வொரு முறை பிளாக்கை மெஷினில் மாட்டும்போதும் மேற்பரப்பைச் சமப்படுத்தவே கொஞ்சம் சீவி எறிவார்கள். இன்று இரண்டு சாயம், அடுத்த வாரம் நாலு சாயம், அப்புறம் ஃபிஷ் என்று தவணை முறையில் போனால், ஆர்என்ஏ கேட்கும் நாளில் பிளாக்கில் மெழுகுதான் மிச்சம். சிறுவட்ட செல் கட்டி, இளம் வயது, முதல் சாயங்கள் ஒத்துப்போகவில்லை என்ற நிலையில், முதல் வெட்டிலேயே சாயமிடாத சீவல்கள் பத்துப் பதினைந்தைச் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட வேண்டும். எலும்பு சேர்ந்த துண்டு என்றால் அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற மென்மையான வேதிப்பொருளில் இளக்கச் சொல்ல வேண்டும். நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் ஆர்என்ஏ பிழைக்கும். லேபுக்கு அனுப்பும் படிவத்தில் வயது, கட்டியின் இடம், போட்ட சாயங்கள், வந்த முடிவுகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃப்யூஷன் நெகட்டிவ் என்று வந்தால் அதே தரவில் வெளிப்பாட்டையும் பார்க்க முடியுமா, எந்தத் தொகுப்போடு ஒப்பிடுவீர்கள், அதில் இந்த வகை எத்தனை மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள். முழு ஆர்என்ஏ செய்த லேபில் அந்தத் தரவு ஏற்கெனவே இருக்கும். கேட்காவிட்டால் பல நேரம் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.